தேய்மானம் பூஜ்யம்

சோதனைக் கப்பல் 'மீகாமன்'
ஆய்வாளரின் நாட்குறிப்பு

ஜூன் 24, 2063. காலை 8:00
ஓட்டம்: 286 மணி. முத்திரை: ஏற்கப்பட்டது

எஞ்சின் சீராக ஓடுகிறது. ஆறு சிலிண்டர், முக்கால் சுமை. எண்ணெயின் சூடும் அழுத்தமும் வரம்புக்குள். எண்ணெயில் இரும்புத் துகள்: பூஜ்யம்.

நேற்றும் பூஜ்யம். முதல் நாளிலிருந்தே பூஜ்யம். இரும்பும் இரும்பும் உராயும் இடத்தில் துளியாவது தேயும், தேய்ந்தது எண்ணெயில் வந்து நிற்கும். அதை அளந்துதான் என் பிழைப்பு ஓடுகிறது. கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். கருவியில் குறையில்லை.

இதைப் பின்னால் யார் படிப்பார்களோ தெரியாது, ஆகவே முறைப்படி சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெசிந்தா கொரேரா. ஊர் தூத்துக்குடி. கப்பல் டீசல் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்வது தொழில். இந்தக் கப்பலில் மனிதப் பிறவி நான் ஒருத்திதான். மற்றதெல்லாம் தானியங்கி. கன்னியாகுமரிக்குத் தெற்கே செக்குமாடு மாதிரி வட்டமடித்துக்கொண்டிருக்கிறோம். ஓட்டிச் செல்லும் மீகாமனே இல்லாத கப்பலுக்கு மீகாமன் என்று பெயர் வைத்தவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் எண்ணெயின் பெயர் சஞ்சீவி. உயிருள்ள எண்ணெய். அதற்குள் வளர்த்துவிட்ட நுண்ணுயிர்கள் உராயும் இடமாகத் தேடிப் போய்க் குடியேறி, கீறல் இருந்தால் நிரப்பி, மேலே மெல்லிய படலம் போடும். தேய்க்கத் தேய்க்க நன்றாக ஒட்டும். கம்பெனி விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்தபடி அதை உள்ளங்கையில் ஊற்றிக்கொள்கிறாள். அவள் கையில் இருந்தது தேனாக இருக்கும். உண்மையில் இது சளி. சளியின் நிறம், சளியின் இழுவை, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் நாற்றம். மாதிரி எடுக்கும் குழாயைத் திறந்தால் சொட்டாது, தொங்கும். இனி இந்தக் குறிப்பில் அதன் பெயர் சளி.

வழக்கமான கைச் சோதனை முடிந்தது. எஞ்சின் அறையில் வேலை பார்த்த எவரும் எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஓடிய எண்ணெய் வலது கையில், ஓடாத எண்ணெய் இடது கையில். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் நறநறப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உறை போடச் சொல்லி விதி இருக்கிறது. உறை போட்ட விரலுக்கு என்ன தெரியும்? தேய்த்தேன். நறநறப்பு இல்லை. குமட்டல் இருந்தது.

ஜூலை 2, 2063. காலை 8:00
ஓட்டம்: 478 மணி. முத்திரை: ஏற்கப்பட்டது (மூன்றாம் முயற்சி)

இரும்புத் துகள்: பூஜ்யம்.

எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபயரைத் திறந்தேன். மற்ற எண்ணெய் என்றால் கறுப்பு வண்டல் இருக்கும், வழித்துப் போடலாம். இதில் ஆறிய பாலின் ஆடை மாதிரி ஒரு தோல். கரண்டியால் தூக்கினால் முழுசாக எழுந்து வருகிறது. வெதுவெதுப்பாக இருக்கிறது. வாளியில் போட்டு வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். வாளியின் வடிவத்துக்குப் பரவி, விளிம்பில் ஏறி நின்றது. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

முத்திரைக் கண்ணாடி மக்கர் செய்கிறது. குரலையும் முகத்தையும் எவன் வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, சட்டம் சுற்றிச் சுற்றிக் கட்டைவிரலில் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்த, சுமையை மாற்ற, கரைக்குச் செய்தி அனுப்ப, எல்லாவற்றுக்கும் எல்லாக் கப்பலிலும் கட்டைவிரல் ரேகை. முனைவர் பட்டம் வாங்கியவள் தினமும் கைநாட்டு வைக்கிறேன். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மலிவான சாமான் வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள்.

தம்பி லெஸ்லியிடமிருந்து செய்தி. தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பலில் அவன் இரண்டாம் எஞ்சினியர். அப்படியே பதிகிறேன்:

"யக்கா, நல்லாருக்கியா? உன் எண்ணெ பீப்பா பீப்பாயா துறைமுகத்துல வந்து எறங்கிருக்கு. சோதனை பாஸானதும் எங்க கப்பல்லதான் மொதல்ல ஊத்துதாவளாம். மாதா கோயில் திருநாளுக்குக் கொழும்புலேருந்து ஆளுவள ஏத்திட்டு வரணும்லா. நீ சரின்னு சொல்லிட்டா எனக்குப் போதும்க்கா. நான் வேற எதையும் பாக்க மாட்டேன்."

சோதனை ஆயிரம் மணி நேரம். அதற்குள் நான் முத்திரையோடு மறுத்தால் எண்ணெய் நிராகரிக்கப்படும். மறுப்பு வராவிட்டால் கருவிகள் தந்த எண்களே சான்றிதழ் ஆகிவிடும். ஆய்வாளர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று கம்பெனிகள் போய் அழுது வாங்கிய விதி இது. லெஸ்லிக்குப் பதில் அனுப்பினேன்: அவசரப்படாதே, எனக்கே இன்னும் பிடிபடவில்லை என்று.

ஜூலை 9, 2063. காலை 8:20
ஓட்டம்: 646 மணி. முத்திரை: ஏற்கப்பட்டது (ஒன்பதாம் முயற்சி)

இரும்புத் துகள்: பூஜ்யம்.

எஞ்சின் எண்ணெய் ஓட ஓடக் குறையும். கொஞ்சம் எரியும், கொஞ்சம் கசியும், மேல்கொண்டு ஊற்ற வேண்டும். இங்கே அடித்தொட்டியில் அளவு ஏறியிருக்கிறது. நான் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. அது பெருகுகிறது. எதைத் தின்று பெருகுகிறது என்று யோசித்தேன். இரும்புத் துகள் ஏன் பூஜ்யம் என்பதற்கும் அதுவே விடை. தேயவில்லை என்று அர்த்தமில்லை. தேய்வதை அது தின்றுவிடுகிறது.

இதைக் கம்பெனியின் திட்ட மேலாளர் தணிகைவேலுக்கு எழுதினேன். சென்னை ஆபீஸிலிருந்து குரலிலேயே பதில் வந்தது:

"மேடம், இங்க ஆபீஸே கொண்டாட்டத்துல இருக்கு. தேய்மானம் பூஜ்யம்னு வாசல்ல பெருசா பேனர் வெச்சுட்டோம். துன்னா துன்னுட்டுப் போவட்டும், எஞ்சினுக்குள்ள குப்ப இல்லாம இருந்தா நல்லதுதான? நீங்க கடைசி வரைக்கும் இப்பிடியே கொண்டாந்துடுங்க."

அந்தக் குரலில் இருந்த வெல்லப்பாகு சளியைவிட மோசம். எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாத ஆள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் டப்பாவைத் திறந்தேன். அதிலும் அந்த நாற்றம் ஏறியிருக்கிறது. தூக்கிப் போட்டேன். காபி டம்ளர் கையிலிருந்து வழுக்கி விழுந்தது, இன்று இரண்டாவது முறை. புத்தகத்தின் பக்கத்தைத் தள்ள முடியவில்லை, விரல் தாளில் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் எண்ணெய்ப் பிசுக்கு போன மாதிரி இல்லை.

ஜூலை 13, 2063. காலை 11:30
ஓட்டம்: 742 மணி. திட்டமிட்ட நிறுத்தம். முத்திரை: ஏற்கப்பட்டது (இருபதுக்கு மேல், எண்ணுவதை விட்டுவிட்டேன்)

ஆறு மணி நேர நிறுத்தம் இது. முதல் சிலிண்டருக்குள் குழாய்க் கேமராவை இறக்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

படிப்பவருக்குப் புரியும்படி சொல்கிறேன். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சிலிண்டரின் உள்சுவர் வழவழப்பாக இருக்கக் கூடாது. அதில் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் கீறியிருப்பார்கள். எண்ணெய் அந்தக் கோடுகளில்தான் தங்கும். கோடு இல்லையென்றால் எண்ணெய் நிற்காது, வழிந்துவிடும். பிறகு இரும்பு இரும்பைத் தொடும், சூடேறும், பிஸ்டன் அசைய முடியாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சூட்டில் அடித்தொட்டியின் எண்ணெய் ஆவியாகித் தீப்பிடித்தால் எஞ்சின் அறையே வெடிக்கும். அறையில் யார் இருந்தாலும் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான்.

முதல் சிலிண்டரில் கோடுகளே இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. கேமராவின் விளக்கு அதில் பளிச்சென்று தெரிந்தது. மற்ற ஐந்திலும் பார்த்தேன். ஐந்தும் கண்ணாடி. சளி கீறலையும் கோட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பள்ளம் என்று கண்டதையெல்லாம் நிரப்பி மெழுகிவிட்டது.

இது இன்னும் பிடிக்காமல் ஓடுவதற்கு ஒரே காரணம், எஞ்சின் புதியது, சுமை குறைவு. லெஸ்லியின் கப்பலில் எஞ்சின் பழசு. அதில் கோடுகள் ஏற்கெனவே பாதி தேய்ந்தவை. ஒரு வாரம், பத்து நாள் போதும் இந்த எழவு நிரப்புவதற்கு.

என் தொழிலில் இவ்வளவு அருவருப்பாக ஒரு எண்ணெயைப் பார்த்ததில்லை. மறுப்பறிக்கை எழுதப் போகிறேன்.

ஜூலை 13, 2063. மாலை 4:10
முத்திரை: ஏற்கப்படவில்லை
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

மறுப்பறிக்கை தயார். படங்கள் தயார். முத்திரை விழவில்லை.

வலது கட்டைவிரலை வைத்தேன். இடதை வைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். விரலைத் துடைத்தேன். ஈரமாக்கி வைத்தேன், ஊதி உலர்த்தி வைத்தேன். திரையில் ஒரே வாசகம்: ரேகை காணப்படவில்லை.

பிறகுதான் விரலை லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

ரேகை இல்லை. வலது கட்டைவிரலில் ஒரு கோடுகூட இல்லை. குழந்தையின் கன்னம் போல மழமழவென்று, லேசாக மினுங்கிக்கொண்டு. இடதும் அப்படியே. தேய்க்கத் தேய்க்க நன்றாக ஒட்டும் என்று முதல் குறிப்பிலேயே என் கையால் எழுதியிருக்கிறேன். மாதம் முழுக்க தினமும் அதை இரண்டு கையிலும் வைத்துத் தேய்த்ததும் நானேதான். மற்ற விரல் எதையும் பதிவு செய்யவில்லை, சட்டத்தில் இரண்டு கட்டைவிரலுக்குத்தான் இடம்.

குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைக்கவும் அதே விரல்தான்.

ஜூலை 14, 2063. காலை 9:00
ஓட்டம்: 761 மணி
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

எஞ்சின் நேற்றே தானாக ஓடத் தொடங்கிவிட்டது.

தணிகைவேலைக் குரலில் பிடித்தேன். முத்திரையில்லாமல் போகும் வழி கம்பெனிக்கு மட்டும்தான் உண்டு, அதுவும் சந்தேகக் குறியோடுதான் அவருக்குப் போயிருக்கிறது. சிலிண்டர் சுவரைப் பற்றியும் விரலைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னது:

"குரல் உங்க குரல் மாதிரியேதாங்க இருக்கு. அதான் பயமே. போன மாசம் எங்க எம்.டி. குரல்ல ஒருத்தன் பேசி ஒரு கப்பலையே திருப்பி வுட்டுட்டான். ஜெசிந்தா மேடமா இருந்தா முத்திரை போடுங்க. போட முடியலன்னா நீங்க யாரோ, எனக்குத் தெரியாது."

நான்தான் என்று காட்ட என்ன வேண்டும், கேளும் என்றேன். கப்பல் ஏறும்போது என்ன தின்பண்டம் ஏற்றச் சொன்னீர்கள் என்றார். மக்ரூன் என்றேன். அது சரக்குப் பட்டியலில் இருக்கிறது, எவனும் பார்க்கலாம் என்றார். போட்டிக் கம்பெனியில் என்ன சம்பளம் தருகிறார்கள் என்றும் கேட்டார். வைத்துவிட்டார்.

சிலிண்டர் படங்களை அனுப்பினேன். போலியாக இருக்கலாம் என்ற குறியோடு திரும்பி வந்துவிட்டன. லெஸ்லிக்கு எழுதினேன், போகவில்லை. என் பெட்டிக்கு வருவது வரும், என்னிடமிருந்து போவதற்கு முத்திரை வேண்டும். வானொலியிலும் கத்திப் பார்த்தேன். முத்திரையில்லாத குரலை எந்தக் கப்பலின் கருவியும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஜூலை 16, 2063. பகல் 12:30
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

கம்பெனியிலிருந்து கப்பலுக்கு ஆணை வந்திருக்கிறது. திரையில் நானும் படித்தேன். கப்பலின் தொடர்புக்குள் வெளியாள் புகுந்துவிட்டான், கருவிகளின் எண்ணைத் தவிர எதையும் ஏற்க வேண்டாம். ஆய்வாளர் நலமா என்று கேட்டிருக்கிறார்கள். குடிநீர்க் குழாய் திறந்து மூடப்படுகிறது, ஆகவே நலம் என்று கப்பல் பதில் சொல்லியிருக்கிறது.

எஞ்சின் பக்கத்துக் கைப்பிடியை இழுத்து எஞ்சினை நிறுத்தினேன். ஐந்து நிமிடம் நின்றது. உரிமையில்லாத நபர் நிறுத்தினார் என்று பதிந்துவிட்டுத் தானியங்கி மறுபடி ஓட்டிவிட்டது. மறுபடி இழுத்தேன். மறுபடி ஓட்டியது. மூன்றாம் முறை கைப்பிடியே அசையவில்லை.

சம்மட்டியை எடுத்துக்கொண்டு எண்ணெய்ப் பம்ப் முன்னால் போய் நின்றேன். ஒரு அடி போதும், எஞ்சின் செத்துவிடும். ஓங்கிய கையை இறக்கிவிட்டேன். நான் உடைத்தால் அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? வெளியாள் உடைத்தான், எண்ணெய்மீது குற்றமில்லை என்றுதான் எழுதுவார்கள். அடுத்த நாளே லெஸ்லியின் கப்பலில் ஊற்றுவார்கள்.

எஞ்சின் தானாகச் சாக வேண்டும். ஆயிரம் மணிக்குள் சாக வேண்டும். இருபது வருடமாக எஞ்சின்களைக் காப்பாற்றியவள், இன்று ஒரு எஞ்சினின் சாவுக்காகக் காத்திருக்கிறேன்.

ஜூலை 18, 2063. காலை 10:00
ஓட்டம்: 858 மணி
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

விரலைச் சுரண்டினேன். முதலில் மண்ணெண்ணெய், பிறகு ஸ்பிரிட், பிறகு உப்புத்தாள். படலம் உரிந்து வந்தது, பியூரிஃபயரில் வந்த அதே தோல், சின்னதாக. அடியில் ரேகை தெரிந்தது. கண்ணால் பார்த்தேன். ஓடிப்போய்க் கண்ணாடியில் வைத்தேன். ரத்தம் பட்டதால் படிக்கவில்லை. ரத்தம் நிற்கட்டும் என்று கட்டுப் போட்டுக் காத்திருந்தேன்.

கட்டை அவிழ்த்தபோது புண்ணே இல்லை. சுரண்டிய இடமெல்லாம் நிரம்பி மழமழவென்று இருந்தது. நான் தேய்த்துவிட்டு அதற்கு இன்னும் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது உள்ளங்கையிலும் பாதி தூரம் கோடுகளைக் காணோம்.

கையை என்னிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டு தூங்குகிறேன். கேலி இல்லை, உண்மையாகவே. கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு.

ஜூலை 21, 2063. காலை 8:00
ஓட்டம்: 928 மணி
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

மூன்றாம் சிலிண்டரில் சத்தம் மாறியிருக்கிறது. மெல்லிய கீச்சு. பிடிக்கப் போகிறது. சீக்கிரம் பிடி, சனியனே.

சூடு காட்டும் கருவி அசையவில்லை. அதன் மேலும் சளி படிந்து தோல் போட்டிருக்க வேண்டும். எஞ்சின் தொட்டாலே சுடுகிறது, கருவி நலம் என்கிறது. தணிகைவேலுக்கு ஏற்ற கருவி.

பனிமய மாதாவிடம் ஒரு எஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தென்மேற்குக் காற்று. அலை மோசம். சாப்பாட்டுப் பாக்கெட்டைக் கையால் கிழிக்க முடியவில்லை, பல்லால் கிழிக்கிறேன்.

ஜூலை 24, 2063. காலை 8:00
ஓட்டம்: 1000 மணி. சோதனை நிறைவு
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

கீச்சுச் சத்தத்தோடு கடைசி நிமிடம் வரை ஓடிவிட்டது.

அறிக்கை தானாகப் போய்விட்டது. திரையில் வந்தது இது: தேய்மானம் பூஜ்யம். ஆய்வாளரின் மறுப்பு ஏதுமில்லை. ஆய்வாளர்: முனைவர் ஜெசிந்தா கொரேரா. ஏற்கப்பட்டது.

என் குறிப்புக்கு என் பெயர் ஒட்டவில்லை. அந்தப் பொய்க்கு மட்டும் அழகாக ஒட்டிவிட்டது. காறித் துப்பினேன். திரையில் வழிந்தது, துடைக்கவில்லை.

ஜூலை 24, 2063. பிற்பகல் 3:40
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

சோதனை முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூன்றாம் சிலிண்டர். அடித்தொட்டியின் மூடி ஒன்று பிய்த்துக்கொண்டு எதிர்ச் சுவரில் போய்ச் செருகியிருக்கிறது. நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்ததால் உயிரோடிருக்கிறேன். வலது காது கேட்கவில்லை. சூட்டில் தானாகத் திறக்கும் நுரைக்குழாய் தீயை அணைத்துவிட்டது. எஞ்சின் அறை முழுக்கச் சளி தெறித்திருக்கிறது. கூரையிலிருந்து தொங்குகிறது.

சளி மூடிய கருவிகளை நம்பிக் கப்பல் கரைக்குச் சொன்னது: சோதனை முடிந்தது, எஞ்சின் ஓய்வில் இருக்கிறது.

தணிகைவேலின் பதில் பொதுச் செய்தியாக வந்தது:

"வாழ்த்துக்கள் மேடம். அந்த ஹேக்கர் பய இனிமே வாலாட்ட மாட்டான். கடல் ரஃப்பா இருக்காம், இழுத்துட்டு வர டக் போட் ஆகஸ்ட் பத்துக்கு மேலதான் கெடைக்கும். அதுவரைக்கும் நல்லா ரெஸ்ட் எடுங்க."

ஜூலை 25, 2063. மாலை 5:00
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

லெஸ்லியிடமிருந்து:

"யக்கா, பாஸாயிட்டுன்னு தாள் வந்துட்டு. உன் பேரு பெருசா போட்டிருக்காவ. காலையிலயே ஊத்தியாச்சு. நாத்தம் கொடலப் பெறட்டுது, ஆனா வெரல்ல தேச்சுப் பாத்தேன், பட்டு மாதிரி இருக்குக்கா. நாளைக்குக் கொடியேத்தம், ரெண்டு டிரிப்பு இருக்கு. ஏன் பதிலே போட மாட்டேங்க? எம்மேல எதும் கோவமா?"

கோபமில்லை லெஸ்லி. தேய்க்காதே. கையைக் கழுவு. இல்லை, கழுவினாலும் தேய்ப்பாய். உறை போடு. எஞ்சினை நிறுத்து. என் பெயரை நம்பாதே.

போகாது என்று தெரிந்தும் அனுப்பினேன். முத்திரை கேட்டது. விரலை வைத்தேன். ரேகை காணப்படவில்லை.

ஆகஸ்ட் 4, 2063. காலை 7:15
எழுதியவர்: அடையாளம் உறுதியாகவில்லை

கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. தட்டச்சு செய்ய விரல் நிற்கவில்லை, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன்.

இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவருக்கு. என் பெயரை நம்ப வேண்டாம். மூன்றாம் சிலிண்டரைத் திறந்து பாருங்கள். உறை போடுங்கள். தேய்த்துப் பார்க்காதீர்கள். நீங்கள் எஞ்சின் ஆளாக இருந்தால் கை தானாகப் போகும். போகவிடாதீர்கள்.

நாளை திருநாள். தேர் முடிந்ததும் கூட்டம் கொழும்புக்குத் திரும்பும். எஞ்சின் கத்தினால் நிறுத்தத் தெரிந்தவன் லெஸ்லி. சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பான், என்னைவிட அவன் காது நல்லது. நிறுத்திவிடுவான். நேற்றிரவு முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவனிடமிருந்து வந்தது:

"யக்கா, நாளைக்கு ராத்திரி அறுநூறு பேரு ஏறுதாவ. எஞ்சின்ல லேசா ஒரு கீச்சு சத்தம், வந்ததும் பாக்கணும். இங்க கைநாட்டு மிசினு வேற ரெண்டு நாளா மக்கர் பண்ணுது. மட்டமான சாமான வாங்கி மாட்டிருக்கானுவ. கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சு வச்சிட்டிருக்கேன்."